எட்டு நிமிடம் ஐம்பது நொடி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வாசலில் இருக்கும் செக்யூரிட்டி, ஆட்கள் வரும் நேரத்தை கூகுள் ஷீட்ஸில் பதிகிறார். ஒரு கட்டத்தில் பெயர், பக்கத்துக் கட்டத்தில் நேரம்: 9:00. மாதக் கடைசியில் முதலாளி வீட்டுப் பையன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி அந்த நேரங்களைச் சம்பளக் கணக்குக்கு இழுக்கிறான். ஒன்பது மணிக்குப் பதில் அவன் திரையில் வந்து நிற்பது இது: 1899-12-30, 03:38:50, கடைசியில் ஓர் ‘இசட்’. அந்த இசட் இருந்தால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்பது அவனுக்குத் தெரியும். யூடிசியோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய நேரம் என்பதும் தெரியும். கூட்டுகிறான். 9:08:50 வருகிறது. பட்டறையில் இருக்கும் அத்தனை பேரும் மாதம் முழுக்க எட்டு நிமிடம் ஐம்பது நொடி ‘லேட்’.

பட்டறை கற்பனை, எண் நிஜம். இந்தியாவில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்த பலர் அந்த 38 நிமிடம் 50 நொடியைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஷீட்ஸ் தேதிகளை நாள் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையின் பூஜ்ஜிய நாள் 1899 டிசம்பர் 30. தேதியே இல்லாமல் வெறும் 9:00 என்று எழுதினால் அது பூஜ்ஜியம் நாளும் ஒன்பது மணி நேரமும். புரோகிராம் அதைக் கேட்கும்போது கம்ப்யூட்டர் ஒழுங்காகவே யோசிக்கிறது: 1899 டிசம்பர் 30 அன்று இந்தியாவில் என்ன நேரம் வழக்கில் இருந்தது? இந்தியச் செந்தர நேரம் இல்லை. அது 1906 ஜனவரி 1 அன்றுதான் பிறந்தது. அதற்கு முன் வழக்கில் இருந்ததாக கம்ப்யூட்டர் நம்புவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முந்திய ஒரு நேரம். அதன் பெயர் மெட்ராஸ் நேரம். ஐந்தரை மணியிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள், எட்டு நிமிடம் ஐம்பது நொடி மிஞ்சும்.

நம்ப முடியாதவர்கள் குரோம் பிரவுசரில் 1900ஆம் ஆண்டின் ஒரு தேதியை ஜாவாஸ்கிரிப்டில் கேட்டுப் பார்க்கலாம். கணினி இந்திய நேரத்தில் இருந்தால், தேதிக்குப் பின்னால் 0530 என்று வராது. 0521 என்று வரும்.

மெட்ராஸ் நேரத்துக்கு வீடு நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே ஒரு வானாய்வகத்தைக் கட்டி முடித்தது. நட்சத்திரங்கள் தலைக்கு மேல் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவது அங்கே அன்றாட வேலை. ஆய்வகம் போய்விட்டது, அதன் கருங்கல் தூண் மட்டும் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அந்த நேரத்தை ஊர் தாண்டிக் கொண்டுபோனது ரயில். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இன்று ஆவடி லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் போவது அதே தடம்தான்: பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர்.

ரயில் வரும்வரை ஊருக்கு ஒரு நேரம் இருப்பதில் யாருக்கும் தொல்லை இல்லை. உச்சி வெயில் எப்போதோ அப்போது பன்னிரண்டு மணி. பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகும் என்பதால், சென்னைக் கோட்டையில் உச்சிப்பொழுது வந்து ஏறக்குறைய 40 நொடி கழித்துத்தான் ஆவடிக்கு வரும். இந்த 40 நொடியால் எந்த ரயிலும் தவறாது. ஆனால் பம்பாய் மெட்ராஸைவிட சுமார் அரை மணி பின்னால். கல்கத்தா அரை மணிக்குச் சற்று அதிகமாக முன்னால். அந்தந்த ஊர் நேரத்தில் அட்டவணை போட்டால் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பைத்தியம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் மெட்ராஸ் இருந்தது, வானாய்வகமும் இருந்தது. 1870 வாக்கில் இந்திய ரயில்வேக்கள் மெட்ராஸ் நேரத்தைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டன. நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே நாடு முழுக்கப் போனது. பம்பாய்க்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. செந்தர நேரம் வந்த பிறகும் அந்த ஊர் 1955 வரை தன் சொந்த நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

செத்துப்போன மெட்ராஸ் நேரம் இன்றைய கைப்பேசிக்குள் எப்படி வந்தது? உலகக் கணினிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு நேரப் பதிவேட்டை நம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கியது. பிறகு பால் எக்கர்ட் என்ற கணினி அறிஞர் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். ஆன்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் சர்வர்கள் எல்லாவற்றிலும் அதன் பிரதி இருக்கிறது. அது வெறும் மணிக் கணக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த நாட்டு அரசு எந்தத் தேதியில் கடிகாரத்தை எவ்வளவு நகர்த்தியது என்ற வரலாறு முழுக்க அதில் இருக்கிறது, யார் சொன்ன தகவல், எந்தப் பத்திரிகையில் வந்தது என்ற குறிப்புகளோடு. தொழில்நுட்பக் கோப்பு ஒன்றைக் கதைப்புத்தகம் போல உட்கார்ந்து படிக்க முடியும் என்றால் அது இதுதான். ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஒரு பெரிய நகரத்தின் பெயர் வைப்பார்கள். நமக்கு ‘ஏசியா/கொல்கத்தா’. சென்னைக்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனால் கொல்கத்தா என்ற அந்தப் பெயருக்குக் கீழே, 1870 முதல் 1905 முடிய, இருப்பது மெட்ராஸ் நேரம். நமக்கு இது போதும்.

இனி இந்த நேரங்களைக் கையாளும் வெப்சைட்டுகளுக்கு வருவோம்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு கணம் என்பது ஓர் எண். 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று, அவ்வளவுதான். நீங்கள் பூந்தமல்லியில் பணம் அனுப்பிய நொடியும் டொராண்டோவில் அது வந்து சேர்ந்த நொடியும் ஒரே வரிசையில் உட்காரும். யாருக்குக் காட்டுகிறோமோ அவருடைய பிரவுசரிடம் ‘நீ எந்த மண்டலம்’ என்று கேட்டால் பெயரைச் சொல்லும். அதற்கேற்ப மாற்றிக் காட்டலாம். நடந்து முடிந்த எதற்கும் இந்த முறை பிரமாதமாக வேலை செய்யும். இதோடு விஷயம் முடிந்தது என்று நம்பியவர்கள்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

முதல் அடி தேதியில் விழும். ஒரு தாய் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மகன் பிறந்த நாளை 15 ஆகஸ்ட் என்று தேர்ந்தெடுக்கிறார். பிரவுசர் அதை ‘ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணி, இந்திய நேரம்’ என்று எடுத்துக்கொள்கிறது. அனுப்பும்போது யூடிசிக்கு மாற்றுகிறது: ஆகஸ்ட் 14, மாலை 18:30. சர்வர் பக்கம் எழுதியவர் ‘நமக்குத் தேதி போதும்’ என்று முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறார். பையன் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டான். சுதந்திர தினக் குழந்தை என்று வீட்டில் கொண்டாடியது வீண். டேட்டாபேஸில் வரிசையாக 18:30:00 என்று முடியும் தேதிகளைக் கண்டால், அனுபவப்பட்ட டெவலப்பர் கேள்வியே கேட்கமாட்டார். அது இந்தியாவிலிருந்து போன நள்ளிரவு என்று பார்த்ததும் தெரிந்துவிடும்.

இந்தப் பிழையை கலிஃபோர்னியாவில் சோதித்தால் சிக்காது. அங்கே நள்ளிரவு என்றால் யூடிசியில் காலை ஏழு அல்லது எட்டு மணி, தேதி அதே தேதி. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மட்டும் நாள் பின்னால் சரியும். அமெரிக்காவில் எழுதி, அமெரிக்காவில் சோதித்து, ‘எல்லாம் சரி’ என்று முத்திரை குத்திய மென்பொருள் இங்கே வந்து தேதியைத் தின்பதற்கு இதுதான் காரணம். மருந்து எளிது: பிறந்த நாளுக்கு நேர மண்டலமே வேண்டாம். அது ஒரு கணம் அல்ல, காலண்டரில் ஒரு கட்டம். நாள், மாதம், ஆண்டு என்று எழுதி அப்படியே வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது அடி விடியற்காலையில். யூடிசியில் நாள் மாறுவது நம்மூர்க் காலை 5:30க்கு. அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து பால் வண்டிகள் புறப்பட்டு, தெருமுனை பூத்தில் பாக்கெட் இறங்குவது அதற்கு முன்பே. பால் போடும் ஒரு செயலி, விற்பனையை யூடிசி தேதிப்படி கூட்டினால், இன்று காலை நாலரைக்குப் போட்ட பால் நேற்றைய கணக்கில் போய் விழும். கோயம்பேட்டில் நள்ளிரவுக்குப் பின் நடக்கும் காய்கறி வியாபாரத்துக்கும் இதே கதிதான். வேடிக்கை என்னவென்றால், இரவு ஷிப்ட்காரர்களுக்கு இதே யூடிசி வசதி. மாலை 6:30க்கு உள்ளே போய் அதிகாலை 3:30க்கு வெளியே வருபவருக்கு இந்தியக் கணக்கில் இரண்டு தேதி. யூடிசியில் 13:00 முதல் 22:00 வரை, ஒரே தேதி. பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. சென்னையில் சூரியன் ஆண்டு முழுக்க 5:30 தாண்டிச் சற்று நேரத்திலிருந்து 6:30 சுமாருக்குள் உதித்துவிடுகிறது என்பதால், யூடிசி தேதி நம் பஞ்சாங்க நாளுக்கு நள்ளிரவுத் தேதியைவிட நெருக்கமான சொந்தம். தற்செயல்தான். ஆனாலும் நல்ல தற்செயல்.

இரவு ஷிப்ட் என்றதும் அம்பத்தூரில் இன்னொரு விஷயம் நினைவுக்கு வரும். தொழிற்பேட்டையில் பாதி லேத் சத்தம் என்றால் மீதி கண்ணாடிக் கட்டடங்கள். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில் போடுகிறவர்களும் போனில் பதில் சொல்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை உலகம் ஒரு மணி நேரம் நகரும். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு, அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதிகாலை 2 மணி நேரடியாக 3 மணி ஆகும். அப்போது இங்கே ஞாயிறு மதியம் 12:30, சாப்பாட்டு நேரம். மறுநாள் நியூயார்க்கின் காலை ஒன்பது மணி நமக்கு இரவு 7:30 இல்லை, மாலை 6:30. பூந்தமல்லியிலிருந்து வரும் கேப் ஒரு மணி நேரம் முன்பே வந்து ஹாரன் அடிக்கும். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பழைய கணக்கு. லண்டன் மாறுவதோ மார்ச் கடைசி ஞாயிறு. ஆக, இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் நியூயார்க், லண்டன், சென்னை மூன்றும் சேரும் மீட்டிங்கில் யாராவது ஒருவர் கட்டாயம் தவறவிடுவார்.

அந்த மார்ச் ஞாயிறு நியூயார்க்கில் 2:30 என்று ஒரு நேரமே கிடையாது. நவம்பரில் 1:30 இரண்டு முறை வரும். தினமும் அதிகாலை இரண்டரைக்குக் கணக்கு முடிக்கும்படி அங்கே ஒரு சர்வரை அமைத்திருந்தால், அது ஒரு நாள் ஓடாமல் போகலாம். ஒன்றரைக்கு என்று அமைத்திருந்தால் ஒரு நாள் இரண்டு முறை ஓடி, பணத்தை இரண்டு முறை பிடித்தம் செய்யலாம்.

இங்கேதான் ‘எல்லாவற்றையும் யூடிசியில் வை’ என்ற மந்திரம் தோற்கிறது. அடுத்த ஆண்டு ஒரு நாள், நியூயார்க் நேரம் காலை ஒன்பதுக்குக் கூட்டம் என்று இன்று பதிகிறோம். அதை இப்போதே யூடிசிக்கு மாற்றி எண்ணாக வைத்தால், இன்றைய சட்டம் அன்றும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறோம். சட்டம் மாறும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு, ரம்ஜானை ஒட்டி கோடை நேரத்தைத் தள்ளிப்போடுவதாகச் சில நாள் முன்னதாக அறிவித்தது. தேவாலயமும் பல நிறுவனங்களும் ஏற்க மறுத்தன. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. பிறகு அரசு பின்வாங்கியது. எதிர்கால நிகழ்ச்சிக்கு உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தின் பெயரையும் எழுதி வைத்துவிட்டு, கணக்கைக் கடைசியில் போடுவதே சரி. இதில் இன்னொரு குழி உண்டு: போஸ்ட்கிரெஸ் என்ற புகழ்பெற்ற டேட்டாபேஸில் ‘நேர மண்டலத்தோடு கூடிய நேரம்’ என்று ஒரு வகை இருக்கிறது, அது மண்டலத்தை வைத்துக்கொள்வதே இல்லை. யூடிசிக்கு மாற்றிவிட்டுப் பெயரைத் தூக்கி எறிந்துவிடும். இப்படிப் பெயர் வைத்தவரை என்ன சொல்வது.

மண்டலத்தின் பெயர் இருந்தும் போதாத இடம் நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. இலங்கை அரசு 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அக்டோபரில் அரை மணி குறைத்து, யூடிசிக்கு ஆறு மணி நேரம் முன்னால் என்று நிறுத்தியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளோ அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் பத்து ஆண்டும் பழைய நேரமே ஓடியது. கொழும்பில் பத்து மணி என்றால் கிளிநொச்சியில் ஒன்பதரை. பதிவேட்டின் குறிப்புகளில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆனால் இலங்கைக்கு என்று இருக்கும் பெயர் ‘ஏசியா/கொழும்பு’ ஒன்றுதான். 2001இல் வன்னியில் எழுதப்பட்ட ஒரு பதிவின் நேரத்தை இன்று அந்தப் பெயரில் போட்டால் அரை மணி தவறும். யாருடைய கடிகாரம் என்பதைக் கம்ப்யூட்டரால் தீர்மானிக்க முடியாது.

‘யாருடைய’ என்ற இந்தக் கேள்வி போர்க்களத்தில் மட்டும் எழுவதில்லை. டொராண்டோவில் இருக்கும் மகள், ஆவடியில் இருக்கும் அம்மாவுக்குப் பல் டாக்டரிடம் காலை பத்து மணிக்கு இணையத்தில் நேரம் வாங்குகிறாள். அதிபுத்திசாலி வெப்சைட் அவள் பிரவுசரைப் பார்த்து, ‘உங்கள் நேரம் நள்ளிரவு 12:30’ என்று காட்டும். அவள் பயந்து வேறு நேரம் தேடுவாள். பல் இருக்கும் ஊரில்தான் டாக்டரின் நேரம். ரயில் புறப்படும் நேரம், கோயில் நடை திறக்கும் நேரம், கல்யாண முகூர்த்தம் எல்லாம் அந்த வகை. பார்ப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் மாற்றக் கூடாது. மேட்ச் நேரலை, வீடியோ கூட்டம், பங்குச் சந்தை போன்றவற்றைப் பார்ப்பவர் ஊருக்கு மாற்றிக் காட்ட வேண்டும். சந்தேகமாக இருந்தால் இரண்டையும் ஊர்ப் பெயரோடு காட்டிவிடுவது உத்தமம். வெறுமனே ‘ஐஎஸ்டி’ என்று போடுவதில் பயனில்லை; இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்று நாட்டு நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான்.

ஜாதகம் கணிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பழைய பாடம். இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அந்தக் காலத்தில் பிறந்தவரின் ஜாதகம் என்றால், விவரம் தெரிந்த ஜோசியர் குறித்த நேரத்தில் ஒரு மணியைக் கழித்துவிட்டுத்தான் லக்னம் போடுவார். சிங்கப்பூர், தீபகற்ப மலேசியா 1981 முடியும்வரை யூடிசிக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தன; 1982 முதல் எட்டு மணி. 1975இல் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளைக்கு இன்றைய எட்டு மணிக் கணக்கில் ஜாதகம் போட்டால், அரை மணி நேரத்தில் லக்னம் அடுத்த ராசிக்கு நகரக்கூடும். ஜோசியத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் நேரத்தோடு ஊரையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மென்பொருள்காரர்களுக்கு முன்பே நடைமுறையில் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

‘இந்தியாவில்தான் ஒரே நேரமாயிற்றே, நமக்கு ஐந்தரை கூட்டினால் போதாதா’ என்று கேட்பவர்கள் உண்டு. 2018 அக்டோபரில் தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களுக்கு யூடிசிக்கு ஆறரை மணி முந்திய இரண்டாவது நேரம் வைக்கலாம், அது செய்யக்கூடியதே என்று ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முந்திய ‘தோட்ட நேரம்’ வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பழக்கம். அரசு இதுவரை ஒப்பவில்லை. ஒப்பினால், பதிவேட்டை நம்பியிருக்கும் செயலிகளுக்கு ஒரு அப்டேட் வந்து சேரும், அவ்வளவுதான். கையால் ஐந்தரை கூட்டியவை அங்கே தவறான நேரம் காட்டும்.

ஆகவே இணையச் செயலி எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் கோடில் மூன்று எண்களைத் தேடுங்கள்: 5.5, 330, 19800. ஐந்தரை மணி, அதன் நிமிடம், அதன் நொடி. கூட்டல் கழித்தலுக்குப் பக்கத்தில் இவற்றில் எது சிக்கினாலும் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நகரத்தின் பெயரைப் போடுங்கள்.